ரிப்போர்ட் நார்மல்தான்

தமிழில் நெஞ்சு என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. உடம்பில் ஓர் இடத்துக்கும் அதுதான் பெயர், மனசுக்கும் அதுதான் பெயர். நெஞ்சு பாரமாக இருக்கிறது என்றால் துக்கம் என்று எடுத்துக்கொள்கிறோம். நெஞ்சடைக்கிறது என்றால் அழுகை வருகிறது. நெஞ்சு படபடக்கிறது என்றால் பயம். இந்தச் சொற்களை விட்டால் வேறு சொல் இல்லாத ஒரு பெண், உண்மையிலேயே இதயத் தசைக்கு ரத்தம் போதாமல் மருத்துவர் முன்னால் போய் உட்கார்ந்து, "நெஞ்சு பாரமா இருக்கு" என்கிறாள். அவர் கேட்கிற முதல் கேள்வி, "வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

வீட்டில் பிரச்சினை இல்லாத பெண்ணை எங்கே போய்த் தேடுவது? அவள் ஆமாம் என்கிறாள். அத்தோடு அவள் வலி நெஞ்சின் இரண்டாவது அர்த்தத்துக்குள் போய்விடுகிறது.

கோவில்பட்டியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் 22 வருடமாக டெக்னீசியனாக இருக்கிறேன். தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள், கடலைமிட்டாய் கம்பெனிப் பெண்கள், காட்டு வேலைக்குப் போகிறவர்கள், டீச்சர்கள் என்று எல்லாரும் என் முன்னால் கையை நீட்டியிருக்கிறார்கள். நரம்பு தேடுகிற அந்த இரண்டு நிமிடத்தில் டாக்டரிடம் சொல்லாததையெல்லாம் சொல்வார்கள். "அம்மிக்கல்ல தூக்கி நெஞ்சுல வச்சாப்ல இருக்கு தாயி." "தாடை வரைக்கும் இழுக்கி." "மாடிப்படி ஏறினா யாரோ கழுத்தப் பிடிச்சு நெரிக்காப்ல வருது." அவர்கள் கையில் இருக்கிற சீட்டைப் பார்த்தால் கேஸ்ட்ரைட்டிஸ், ஆங்சைட்டி என்று எழுதியிருக்கும். கொஞ்சம் அக்கறையான மருத்துவர் என்றால், அடிபிகல் செஸ்ட் பெயின்.

கழுத்தை நெரிப்பது என்ற சொல்லில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆஞ்சைனா என்ற மருத்துவப் பெயருக்கே லத்தீன் வேரில் நெரித்தல் என்றுதான் பொருள். வில்லியம் ஹெபர்டன் என்ற லண்டன் மருத்துவர் 1768இல் பேசி, 1772இல் அச்சில் வந்த உரையில்தான் இந்த வலிக்கு இந்தப் பெயர் வந்தது. அவர் பார்த்தது ஏறக்குறைய 100 பேர். அதில் மூன்று பேர் பெண்கள், ஒருவன் 12 வயதுப் பையன். மற்ற எல்லாரும் 50 வயதை ஒட்டிய ஆண்கள். அன்றைய லண்டனில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெரிய மருத்துவரிடம் போகக் கையில் காசும் நேரமும் யாருக்கு இருந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. எப்படியோ, அந்த ஆண்களின் வலி டிபிகல் ஆயிற்று. அதற்குள் அடங்காததெல்லாம் அடிபிகல். உலகத்தில் பாதிப் பேர் வழக்கத்துக்கு மாறானவர்களாக இருக்க முடியுமா என்ற கேள்வி மெதுவாகத்தான் எழுந்தது. அமெரிக்க இதய சங்கங்கள் 2021இல் வெளியிட்ட நெஞ்சுவலி வழிகாட்டிதான் அடிபிகல் என்ற சொல்லைக் கைவிடச் சொன்னது. எங்கள் ஊருக்கு வருகிற சீட்டுகளில் அது இன்னும் போகவில்லை.

எனக்கு வலி தொடங்கியபோது 49 வயது. எங்கள் நிலையத்தில் ரத்தம் எடுப்பது கீழே, மெஷின்கள் மாடியில். சாம்பிள் டிரேயைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது நெஞ்சின் நடுவில் ஒரு பிடி விழும். நின்றால் போகாது. உட்கார்ந்தாலும் போகாது. சென்ட்ரிஃபியூஜ் சுற்றி முடிக்கும் பத்து நிமிடமும் அப்படியே இருக்கும், சில நாள் அரைமணி நேரம்கூட. நாக்குக்கு அடியில் வைக்கிற சார்பிட்ரேட் மாத்திரை தந்தார்கள். வைத்துப் பார்த்தேன், தலைவலிதான் வந்தது. புத்தகத்தில் எழுதியிருக்கிற ஆஞ்சைனா நடந்தால் வரும், நின்றால் சில நிமிடத்தில் போகும், மாத்திரை வைத்தால் கரையும். என்னுடையது நிற்கவும் இல்லை, கரையவும் இல்லை. ஆகவே அது ஆஞ்சைனா இல்லை என்றார்கள்.

டிரெட்மில்லில் நடக்க வைத்தபோது ஆறாவது நிமிடத்தில் இ.சி.ஜி. கோடு கீழே இறங்கியது. "பாசிட்டிவ்தான். ஆனா லேடீஸுக்கு இது அடிக்கடி பொய்யா வரும்" என்றார் மருத்துவர். பொய்யான பாசிட்டிவ் என்பது பரிசோதனை அறிவியலில் முறையான சொல்தான், நானே தினமும் புழங்குகிற சொல். அன்றைக்கு மட்டும் பொய் என்ற பாதி கொஞ்சம் சத்தமாகக் கேட்டது.

பிறகு மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆஞ்சியோகிராம். மணிக்கட்டு வழியாகக் குழாயை விட்டு, சாயம் செலுத்தி, திரையில் என் இதயத்தின் ரத்தக்குழாய்களைக் காட்டினார்கள். இலையுதிர்ந்த வேப்பமரம் மாதிரி இருந்தது. நான் மேசையில் படுத்திருக்கும்போதே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற என் கணவரிடம் மருத்துவர் சொன்னார்: "சார், உங்க மிஸஸுக்கு ஒண்ணுமில்ல. குழாயெல்லாம் சுத்தமா இருக்கு. மெனோபாஸ் டைம் பாருங்க, கொஞ்சம் டென்ஷன். மனச லேசா வச்சுக்கச் சொல்லுங்க." வாய்வுக்கு ஒரு மாத்திரை, தூக்கத்துக்கு ஒரு மாத்திரை.

என் கணவர் நல்ல மனிதர். வருகிற வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தார், சாத்தூரில் பஸ் நின்றபோது இறங்கிப் போய் வெள்ளரிக்காய் வாங்கி வந்தார். வீட்டில் அத்தைதான் கணக்குப் போட்டார்: "ஒண்ணுமில்லன்னு சொல்றதுக்கா இம்புட்டுத் துட்டு?" மறுநாள் மாடிப்படியில் அதே பிடி. அன்று ராத்திரி சொன்னேன். "அதான் டாக்டர் சொல்லிட்டார்ல" என்றார் கணவர். கோபமாக இல்லை, ஆறுதலாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு வலியைச் சொன்னால் டாக்டரை எதிர்த்துப் பேசுகிற மாதிரி ஆகிவிட்டது.

நார்மல் என்ற சொல்லை வைத்துத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். அது எப்படிப் பிறக்கிறது என்று எனக்குத் தெரியும். நோயில்லாதவர்கள் என்று கருதப்படும் ஒரு கூட்டத்தின் ரத்தத்தை எடுத்து அளக்கிறார்கள். மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் வெட்டிவிட்டு, நடுவில் நிற்கிற நூற்றுக்கு 95 பேரின் எண்களை ரிப்போர்ட்டில் வலது பக்கம் அச்சிடுகிறோம். ஆகவே நார்மல் என்றால் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். எதை அளந்தீர்கள்? யாரோடு ஒப்பிட்டீர்கள்?

ஆஞ்சியோகிராம் எதை அளக்கிறது? சில மில்லிமீட்டர் அகலமுள்ள பெரிய குழாய்களை. அரை மில்லிமீட்டருக்குக் குறைந்தவை அதில் தெரிவதே இல்லை. ஆனால் இதயத்துக்குள் ரத்தம் எவ்வளவு போக வேண்டும் என்று கூட்டிக் குறைப்பது பெரும்பாலும் இந்தத் தெரியாத குழாய்கள்தான். நாம் படியேறும்போது இவை விரிந்து கொடுக்க வேண்டும். நல்ல இதயத்தில் ரத்த ஓட்டம் இருந்ததைப்போல் மூன்று நான்கு மடங்கு கூடும். இரண்டு, இரண்டரை மடங்குக்கு மேல் கூட முடியாமல் போனால் தசை திணறும், வலிக்கும். மைக்ரோவாஸ்குலர் ஆஞ்சைனா என்று இதற்குப் பெயர்: நுண்குழாய்களால் வரும் நெஞ்சுவலி. கோவில்பட்டிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தாமிரபரணியிலிருந்து வருகிற பெரிய பைப்பில் அடைப்பே இல்லை என்று என்ஜினீயர் எழுதிக் கொடுக்கலாம். எங்கள் தெருக்கோடிக் குழாயில் காற்றுதான் வரும். குடத்தோடு நிற்கிற பெண்ணிடம், தண்ணீர் வருகிறது, உனக்குத்தான் மனப்பிரமை என்று யாரும் சொல்வதில்லை.

இது புதிய கண்டுபிடிப்பு என்று நினைத்தேன். தேடிப் படித்தபோதுதான் கோபம் வந்தது. வலி இருக்கிறது, பெரிய குழாய்களில் அடைப்பில்லை என்ற புதிரை அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று 1967இலேயே எழுதியிருக்கிறது. 1973இல் ஹார்வி கெம்ப் என்ற மருத்துவர் இதற்கு சிண்ட்ரோம் எக்ஸ் என்று பெயர் வைத்தார். கணக்கில் விடை தெரியாததற்கு வைக்கிற எக்ஸ். 1988இல்தான் நுண்குழாய் என்ற விளக்கம் பெயரிலேயே வந்தது. அந்த இருபது வருடத்தில் இதய ஆராய்ச்சிக்குப் பணமில்லாமல் இல்லை. ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்குமா என்று பார்க்க 22,071 மருத்துவர்களை வைத்துப் பெரிய ஆய்வு நடந்தது. அத்தனை பேரும் ஆண்கள். கொழுப்பு, புகை, ரத்த அழுத்தம் பற்றிய இன்னோர் ஆய்வில் 12,866 பேர், எல்லாரும் ஆண்கள். அதன் சுருக்கப் பெயரே மிஸ்டர் ஃபிட் என்று உச்சரிக்கும்படி இருந்தது. யாருக்கும் உறுத்தவில்லை போல.

பெர்னடின் ஹீலி என்ற இதய மருத்துவர், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் முதல் பெண் இயக்குநர், 1991இல் ஒரு கட்டுரை எழுதினார். படிப்பதற்காக ஆண் வேடம் போட்ட யெண்டல் என்ற கதைப் பெண்ணின் பெயரைத் தலைப்பில் வைத்தார். தனக்கு வந்திருப்பது ஆணுக்கு வருகிற மாதிரியான இதயநோய்தான் என்று நிரூபித்த பிறகே பெண்ணுக்கு ஆணுக்குரிய சிகிச்சை கிடைக்கிறது என்பது அவருடைய குற்றச்சாட்டு. அதற்கு ஐந்து வருடம் கழித்துத்தான், 1996இல், நெஞ்சுவலியோடு ஆஞ்சியோகிராமுக்கு வந்த பெண்களை மட்டுமே வைத்து வைஸ் என்ற ஆய்வு அமெரிக்காவில் தொடங்கியது. நோயல் பெய்ரி மெர்ஸ் என்ற பெண் மருத்துவர் தலைமை. 936 பெண்கள். அவர்களில் பெரிய குழாயில் அடைப்பு இல்லாதவர்களைத் தனியாகச் சோதித்தபோது ஏறக்குறைய பாதிப் பேரின் நுண்குழாய்கள் சரியாக வேலை செய்யவில்லை.

அதோடு விட்டார்களா, இல்லை. இந்தப் பெண்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று பின்தொடர்ந்தார்கள். வலி இருந்து, குழாய்கள் முற்றிலும் நார்மல் என்று அனுப்பப்பட்டவர்களில் ஐந்து வருடத்துக்குள் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு, இதயச் சாவு என்று ஏதோ ஒன்றைச் சந்தித்தவர்கள் நூற்றுக்கு 7.9 பேர். வலியே இல்லாத பெண்களில் அது 2.4. சாதாரண படிமம் கொஞ்சம் இருந்தவர்களில் 16. 2009இல் வெளிவந்த எண்கள் இவை. மதுரையில் "ஒண்ணுமில்ல" என்று சொல்லப்பட்டபோது இந்த எண்கள் அச்சில் வந்து வருடங்கள் ஆகியிருந்தன.

இனி என் தொழிலுக்கு வருகிறேன், ரத்தத்துக்கு.

நம்பாதவர்கள் முன்னால் நிற்கிற யாருக்கும் ஒரு தாள் வேண்டும் என்று தோன்றும். என் கையில் மெஷின் இருந்தது. ஒரு ராத்திரி டூட்டியில் என் சக ஊழியையிடம் கையை நீட்டி, என் ரத்தத்தை எடுக்கச் சொன்னேன். எச்.எஸ்.சி.ஆர்.பி. ஓட்டினோம். சி.ஆர்.பி. என்பது உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் ஈரல் சுரக்கிற புரதம். 1930இல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் முதலில் பிடிபட்டது. அதையே மிக நுட்பமாக, சின்ன அளவிலும் அளப்பதுதான் எச்.எஸ். வகை. இதயக் கணக்கில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் அபாயம் குறைவு, 3க்கு மேலே போனால் அதிகம். எனக்கு 4.1. இரண்டு வாரம் விட்டு மறுபடி பார்த்தோம், 3.6.

சந்தோஷப்பட்டேன். உடம்பில் ஒன்று அதிகமாக இருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற நிலைக்கு வந்திருந்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

லண்டனில் யுவான் கார்லோஸ் காஸ்கியின் குழு 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று கையில் கிடைத்தது. வலி இருந்து ஆஞ்சியோகிராம் நார்மலாக இருப்பவர்களில், சி.ஆர்.பி. கூடுதலாக இருந்தவர்களுக்கு வலியும் அடிக்கடி வந்திருக்கிறது, இ.சி.ஜி. மாற்றங்களும் கூடுதலாகத் தெரிந்திருக்கின்றன. எண்டோதீலின் என்று ஒன்று, குழாயை இறுக்குகிற பொருள். இப்படிப்பட்ட நோயாளிகளின் ரத்தத்தில் அதுவும் கூடியிருப்பதாகப் படித்தேன். ஆனால் ஆய்வில் எண்கள் பேசுவது கூட்டத்தைப் பற்றி. இந்தக் கூட்டத்தின் சராசரி அந்தக் கூட்டத்தின் சராசரியைவிட அதிகம், அவ்வளவுதான். என் ஒருத்தியின் 4.1ஐ எடுத்து வைத்து, இதோ என் வலி என்று அது சொல்லாது. ஈறு வீங்கினால் சி.ஆர்.பி. ஏறும். மூட்டுவாதத்தில் ஏறும். இடுப்புச் சுற்றளவு கூடினால் ஏறும். போன வாரம் சளி பிடித்திருந்தால்கூட ஏறும். 22 வருடமாகப் பார்க்கிறேன், சி.ஆர்.பி. ஒரு கோயில் மணி மாதிரி. அடிக்கிறது என்று தெரியும், யார் அடித்தார்கள் என்று தெரியாது.

அடிக்கிற இடம் எது என்று யோசித்தால் குழாயின் உள்தோலுக்குப் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. ரத்தக்குழாயின் உள்பக்கத்தில் ஒரே ஒரு அடுக்கு செல்கள். வெறும் பூச்சு என்றுதான் ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். நியூயார்க்கில் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் ரத்தக்குழாய்களை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். அசிட்டைல்கோலின் என்ற மருந்து பட்டால் குழாய் சிலசமயம் தளர்ந்தது, சிலசமயம் இறுகியது. உள்தோல் உரசித் தேய்ந்துபோன துண்டுகள்தான் இறுகுகின்றன என்று 1980இல் எழுதினார். அதாவது, விரி என்று உத்தரவு கொடுப்பதே அந்த உள்தோல். அது சுரப்பது நைட்ரிக் ஆக்சைடு என்று பின்னால் தெரிந்து, 1998இல் மூன்று பேருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஈஸ்ட்ரோஜென் இந்தச் சுரப்புக்குத் துணை நிற்கிறது. மாதவிடாய் நிற்கப்போகிற வயதில் பெண்களுக்கு இந்த நோய் தலைகாட்டுவதற்கு அதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. மதுரை மருத்துவர் மெனோபாஸ் என்றாரே, சொல் சரிதான். அதை விளக்கத்தின் ஆரம்பமாக வைக்க வேண்டிய இடத்தில் முற்றுப்புள்ளியாக வைத்துவிட்டார்.

உள்தோலின் ஆரோக்கியத்தை வெளியிலிருந்தே பார்க்க ஒரு வழி உண்டு. 1992இல் வந்தது. கையில் பட்டையைக் கட்டி ஐந்து நிமிடம் ரத்தத்தை நிறுத்தி, பிறகு விட்டுவிட்டு, மேல்கை ரத்தக்குழாய் எத்தனை சதவீதம் விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் அளப்பது. தினமும் நூறு கையில் பட்டை கட்டி அவிழ்க்கிற எனக்கு இதைப் படித்தபோது கை குறுகுறுத்தது. நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் இதை யாரும் வழக்கமாகச் செய்வதில்லை. ஆராய்ச்சிக்கூடங்களில் இருக்கிறது.

திருநெல்வேலியில் ஒரு பெண் மருத்துவரைப் பற்றிச் சக ஊழியை சொன்னாள். போனோம். "என்ன செய்யுது?" என்று கேட்டார். என் கணவர் ஆரம்பித்தார். "அவங்க சொல்லட்டும் சார்" என்றார். நான் சொல்லச் சொல்ல, என் வார்த்தைகளையே எழுதிக்கொண்டார். பிடி என்று நான் சொன்னதை பிடி என்றே தமிழில் எழுதியதைப் பார்த்தேன். என் எச்.எஸ்.சி.ஆர்.பி. தாளைப் பெருமையாக எடுத்து வைத்தேன். பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். பிறகு என் ஃபைலிலிருந்து மூன்று தாள்களை உருவி வரிசையாகப் பரப்பினார். வலியைப் பற்றிய முதல் சீட்டு, டிரெட்மில் ரிப்போர்ட், ஆஞ்சியோகிராம் ரிப்போர்ட். "வலி இருக்கு. நடந்தா ரத்தம் பத்தலன்னு இ.சி.ஜி. காட்டுது. பெரிய குழாய்ல அடைப்பில்ல. இந்த மூணும் சேர்ந்தாலே மைக்ரோவாஸ்குலர் ஆஞ்சைனான்னு சந்தேகப்படணும்மா. இத்தோட ரத்த ஓட்டத்தையும் அளந்து காட்டிட்டா உறுதியாயிடும். அதுக்குப் பெரிய ஊருக்குப் போகணும். சிகிச்சைய இன்னைக்கே ஆரம்பிக்கலாம்."

அந்த மூன்று தாள்களும் என்னிடம் ஒன்றரை வருடமாக இருந்தன. ஒவ்வொன்றாகக் காட்டித்தான் என்னை ஒண்ணுமில்லை என்று அனுப்பியிருந்தார்கள். முதல் சீட்டு அடிபிகல், இரண்டாவது பொய், மூன்றாவது சுத்தம். புதிதாக எந்த எண்ணும் தேவைப்படவில்லை. நான் ராத்திரி டூட்டியில் ஓட்டிய ரத்தத்துக்கும் வேலை இல்லை. வலி நிஜம் என்று வைத்துக்கொண்டு மூன்றையும் சேர்த்துப் படிக்க ஒரு ஆள்தான் வேண்டியிருந்தது.

கழுத்துக் குழாயின் சுவர்த் தடிப்பைப் பார்க்க ஒரு டாப்ளர் எடுத்தார், 0.8 மில்லிமீட்டர், படிமம் ஏதுமில்லை. சர்க்கரை, கொழுப்பு எல்லாம் திரும்பப் பார்த்தார். பிறகு, எங்கள் நிலையத்தில் இருப்பதிலேயே மலிவான பரிசோதனைகளில் ஒன்றில் அவர் விரல் போய் நின்றது. ஹீமோகுளோபின் 9.8.

"இது எத்தன நாளா இருக்கு?"

இரண்டு வருடமாக மாதாமாதம் உதிரம் கொட்டிக்கொண்டிருந்தது. நிற்கிற வயசில் அப்படித்தான் இருக்கும் என்று வீட்டிலும் சொன்னார்கள், வெளியிலும் சொன்னார்கள். மதுரையில் ஆஞ்சியோகிராமுக்கு முந்திய ரத்தப் பரிசோதனையிலும் இந்த எண் இருந்திருக்கிறது, கறுத்த எழுத்தில், பக்கத்தில் ஒரு கீழ்நோக்கிய அம்புக்குறியோடு. யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. குழாய் விரிய மறுக்கிறது. வருகிற கொஞ்ச ரத்தத்திலும் ஆக்சிஜனைச் சுமக்க ஆளில்லை. தசை வேறு என்ன செய்யும்?

வைஸ் ஆய்வு இதையும் பார்த்திருக்கிறது. நெஞ்சுவலியோடு வந்த பெண்களில் ஹீமோகுளோபின் குறைந்தவர்களுக்குச் சாவும் இதய விபத்துகளும் கூடுதல் என்று 2004இல் எழுதினார்கள். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. எண்டோதீலினைத் தேடி நான் இணையத்தில் கடல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது, நெஞ்சுவலிக்கான ரத்தக் குறியீடு ஊதா மூடி டியூபில், என் மேசையிலேயே இருந்தது. அரிதானதாக இருந்தால் கவனித்திருப்பார்கள். பாதிப் பெண்களுக்கு மேல் இருப்பதை யார் நோய் என்று நினைப்பார்கள்? நமக்குக் குறைந்திருப்பதுதான் நமக்கு நார்மல்.

ஒரு பீட்டா பிளாக்கர், ஒரு ஸ்டேட்டின், இரும்பு ஊசி. கர்ப்பப்பைக்குத் தனி வைத்தியம். தினமும் நடை, முதலில் பத்து நிமிடம், இப்போது முப்பது. பிடி குறைந்திருக்கிறது, போகவில்லை. மழைக்குளிர் காலையிலும், யாரோடாவது சண்டை போட்ட மறுநாளும் வருகிறது. ஆம், சண்டை போட்டால் வருகிறது. மனசும் குழாயை இறுக்கும். அது மனசு, ஆகவே உடம்பு இல்லை என்று சொல்வதைத்தான் நான் ஏற்கவில்லை. ஹீமோகுளோபின் 12.1. டிரேயைத் தூக்கிக்கொண்டு ஒரே மூச்சில் மாடிக்குப் போகிறேன், பெரும்பாலான நாட்கள்.

போன வருடம் எங்கள் நிலையத்துக்கு ஒரு புது மெஷின் வந்தது. இதயத் தசை செத்தால் ரத்தத்தில் கசிகிற டிரோபோனினை மிக நுட்பமாக அளக்கக்கூடியது. அதன் கிட்டோடு வருகிற தாளைப் பிரித்து வாசித்தேன். பொது எல்லை ஒன்று இருக்கிறது, லிட்டருக்கு 26 நானோகிராம். அதற்குக் கீழேயே ஆணுக்கு 34, பெண்ணுக்கு 16 என்று தனித்தனியாகவும் போட்டிருக்கிறது. எங்கள் ரிப்போர்ட்டில் அச்சாவது 26 மட்டும். 20 வருகிற பெண் நார்மல் என்று வீட்டுக்குப் போவாள்.

எடின்பரோவில் 2015இல் இதைச் சோதித்திருக்கிறார்கள். பெண்களுக்கென்று தனி எல்லையை வைத்தபோது, நெஞ்சுவலியோடு வந்த பெண்களில் மாரடைப்பு என்று கண்டறியப்பட்டவர்கள் நூற்றுக்கு 11இலிருந்து 22 ஆனார்கள். ஆண்களில் 19, 21 ஆனது. இதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க உற்சாகமாகத் திரிந்தேன். பிறகு அதே ஸ்காட்லாந்துக்காரர்கள் 2019இல் எழுதியதைப் படித்தேன். தனி எல்லையால் கூடுதலாகப் பிடிபட்டவர்களில் ஆணைவிடப் பெண்கள் ஐந்து மடங்கு. ஆனால் பெண்களுக்குக் கிடைத்த சிகிச்சை ஆண்களுக்குக் கிடைத்ததில் ஏறக்குறைய பாதிதான். முடிவில் அவர்களுக்கு நன்மையும் தெரியவில்லை. எண்ணைத் திருத்தியாயிற்று, எண்ணைக் கையில் வாங்குகிறவர்கள் அப்படியேதான் இருந்தார்கள்.

இருந்தாலும் என் கைக்கு எட்டுவது எண்தான். முதலாளியிடம் போய், டிரோபோனினுக்கு ஆண், பெண் என்று இரண்டு வரியாகப் போடுவோம் சார் என்றேன். "ரெண்டு எல்ல போட்டா டாக்டர்ஸ் குழம்புவாங்கம்மா" என்றார். ஹீமோகுளோபினுக்கு நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இரண்டு வரிதான் போடுகிறோம், ஒரு டாக்டரும் குழம்பவில்லை என்றேன். அவர் சிரித்தார். ரிப்போர்ட் ஃபார்மேட்டை மாற்ற வேண்டுமென்றால் சாப்ட்வேர் பையன் வர வேண்டும், அவன் அடுத்த மாதம் சிவகாசி கிளைக்கு வரும்போது பார்க்கலாம் என்றிருக்கிறார். கிட் தாளில் அந்த வரிகளுக்கு அடியில் மஞ்சள் கோடு போட்டு, அவர் மேசைக் கண்ணாடிக்குக் கீழே செருகி வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.